கழுவாத குவளை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் பீர் ஆலையின் பின்வாசலுக்கு வந்தபோது கணேசலிங்கம் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் உள்ளே தொட்டி தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய ரப்பர் பூட்ஸில் ஈரம் இல்லை.

“என்ன அங்கிள், இன்னைக்கு லேட்டா ஸ்டார்ட் பண்றீங்களா?”

“அங்கிள் எண்டு சொல்லாதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன் பிள்ளை. நாற்பத்தாறெல்லாம் ஒரு வயசே? அண்ணை எண்டு சொல்லுங்கோ.” கோப்பையைக் கீழே வைத்தார். “இண்டைக்கு ஸ்டார்ட் இல்லை. முடிவுதான்.”

சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன சொல்வதென்று தெரியாதபோது எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

“மூண்டாம் தொட்டிப் பியர் முழுக்கப் பழுது. ரெண்டாயிரம் லீற்றர். திங்கள் வெளியில ஊத்தப் போகினம். நான் தொட்டியை வடிவாக் கழுவேல்லையாம்.”

“யார் சொன்னது?”

“ஆர் சொல்லுறது, பியர் மாஸ்டர் கிரேமர்தான். பன்னிரண்டரைக்கு ஒபீசுக்கு வரட்டாம். கடிதம் அடிச்சு வைச்சிருக்கிறார். போன வருசம் பிந்தி வந்ததுக்கு ஒரு அப்மானுங் தந்தவர். ஒரு எச்சரிக்கை முடிஞ்சுது. இந்த முறை எச்சரிக்கை இல்லை, வீட்டை போகச் சொல்லுற கடிதம்.”

“உங்க டெர்மின்?”

“இருபத்திரெண்டாம் திகதி.”

அந்த டெர்மின், வெளிநாட்டவர் அலுவலகம் வரச் சொல்லியிருந்த நாள், ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அவரே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அந்த வருடம், 2007இல், ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. பல வருடங்களாகத் தற்காலிக அனுமதியில் காலம் தள்ளியவர்கள், சொந்த உழைப்பில் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களாக இருந்தால், ஜெர்மனியில் தங்க விசா கேட்கலாம். அகதியாக வந்த கணேசலிங்கம் ஒன்பது வருடமாகச் சில மாதங்களுக்கு ஒரு முறை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் ஒரு தாளை நீட்டித்துக்கொண்டு வந்தவர். வீட்டில் மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் சுகன்யா. இருபத்திரண்டாம் தேதி அவர் கொண்டுபோக வேண்டிய முதல் தாள் வேலைச் சான்றிதழ்.

“நான் கழுவினனான் பிள்ளை,” என்றார். “கழுவினனான் எண்டுதான் நினைக்கிறன்.”

நான் உள்ளே போய் என் அலமாரியிலிருந்து பூட்ஸை எடுத்து மாட்டினேன். மஞ்சள் நிற ரப்பர் பூட்ஸ். சுகன்யாவின் பழைய பூட்ஸ். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம், என் கேன்வாஸ் செருப்பு நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவர்தான் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து கொடுத்தார். குனிந்து மாட்டும்போது வாசல் பக்கம் பார்க்கவில்லை.

ஏனென்றால் மூன்றாம் தொட்டியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் திருச்சியில் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு மேற்படிப்புக்கு டார்ம்ஸ்டாட் வந்தவள். பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. பழைய பீர் ஆலையைச் சுற்றிக் காட்ட ஆங்கிலம் தெரிந்த வழிகாட்டி தேவை, சனிக்கிழமை மட்டும், நொதித்தல் பற்றித் தெரிந்திருந்தால் நல்லது. நொதித்தல் எனக்குத் தெரியும். நாலு பேருக்கு முன் பேசுவதுதான் தெரியாது. பதினான்கு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன். அம்மாவிடம் மியூசியத்தில் பார்ட் டைம் என்று சொன்னேன்.

ஆலை சிறியது, பழையது. இங்கே பீர் முதல் ஒரு வாரம் மூடியில்லாத தொட்டிகளில் நொதிக்கும். நிலவறையில் ஐந்து தொட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாண் உயரத்துக்கு நுரை. பிறகு மூடிய குளிர்கலத்துக்குப் போகும். திறந்த தொட்டியில் வேண்டாத பாக்டீரியா ஒன்று விழுந்தாலும் அது வெளியே தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்.

செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்தில் கணேசலிங்கத்தைப் பார்த்தபோது, மூன்றாம் தொட்டியிலிருந்து போன பீரில் வெண்ணெய் வாடை வருகிறது என்றார். அந்தப் பீர் தொட்டியில் இருந்த சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று காலை நான் இட்லி மாவு கரைத்திருந்தேன். மிக்ஸியில் அரைத்து, உப்பு போட்டு, கையால். கரண்டி போட்டுக் கலக்கினால் இந்தக் குளிரில் மாவு பொங்காது. எனக்குச் சூடான கை என்று அம்மா சொல்வாள். கழுவினேன்தான். ஆனால் நகத்தடியில் மாவு காய்ந்திருப்பதை மதியம்தான் பார்த்தேன். அதற்குள் அதே கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நுரையைக் காட்டி, ஐந்தாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரை பேசி முடித்திருந்தேன்.

இட்லி மாவில் இருப்பதும் புளிக்கவைக்கும் பாக்டீரியாதான்.

அன்று மாலையே கணேசலிங்கத்திடம் ஒரு சிறிய பாட்டிலில் அந்தப் பீர் கேட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து கொடுத்தார். யாருக்கும் சொல்லாதேங்கோ, வெளியில கொடுக்கக்கூடாது என்றார். லேபில் இரண்டு வகைத் தட்டுகளில் அதையும், குளிர்பெட்டியில் மீதியிருந்த என் மாவையும் தடவி இன்குபேட்டரில் வைத்தேன். ஒரு வகைத் தட்டில் ஹாப்ஸின் கசப்பு சேர்த்திருந்தேன். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பெரும்பாலான பாக்டீரியாக்களை வளர விடாது. பீரிலேயே வாழ்ந்து பழகியவை மட்டும் தாங்கும்.

மூன்று நாள் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. மாவை முழுவதும் கொட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். என் மாவு சாதாரணத் தட்டில் கொழுத்து வளர்ந்திருந்தது. கசப்புத் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. கெட்டுப்போன பீர் இரண்டு தட்டிலும் வளர்ந்திருந்தது.

பீரைக் கெடுத்தது என் கை இல்லை. லேபில் யாரும் இல்லை, சத்தமாகவே மூச்சு விட்டேன். விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டும்போதுதான் அந்த வெள்ளீயக் குவளை நினைவுக்கு வந்தது. இல்லை, அது உண்மையில்லை. அது மூன்று வாரமாக நினைவில்தான் இருந்தது. மாவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வரை அதைப் பார்க்காமல் இருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

குவளை டெரெக்குடையது. ஓய்வு பெற்ற தபால்காரர். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பழைய பீர் ஆலைகளையும் மதுக்கூடங்களையும் சுற்றிக் காட்டுவதை முப்பது வருடமாகச் செய்கிறார். இலையுதிர் காலத்தில் பீர் விரும்பிகளான தன் சங்கத்து ஆட்களைப் பஸ்ஸில் ஏற்றி ஜெர்மனிக்கு அழைத்துவருவார். அந்தச் சனிக்கிழமை வந்த குழு அவருடையது. இடுப்புப் பட்டையில் ஒரு கொக்கி, அதில் குவளை. முப்பது வருடமாக அதில்தான் குடிக்கிறார், ஒரு முறைகூடக் கழுவியதில்லை, துணியால் துடைப்பதோடு சரி என்று பெருமையாகச் சொன்னார்.

நான் நுரையைப் பற்றிப் பேசிவிட்டு மற்றவர்களை அடுத்த அறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். டெரெக் பின்தங்கினார். கொக்கியிலிருந்து குவளையை எடுத்து, நுரையை விலக்கி, மூன்றாம் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டு மொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் சிரித்தேன்.

இன்று அவருடைய இரண்டாவது குழு வருகிறது. பஸ் பதினொரு மணிக்கு.

*

இருபத்தோரு பேர். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள், மழை அங்கி, தடித்த காலணிகள். டெரெக் கடைசியாக இறங்கினார். குவளை இடுப்பில் ஆடியது.

“நம்ம நிரூ!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நிருபமா அவர் வாயில் வரவில்லை. “இந்தப் பெண் நுரையைப் பற்றிப் பேசினால் பாதிரியார் பேசுவது போல இருக்கும். கேளுங்கள். ஆனால் கிட்டே நின்று கேளுங்கள், சத்தமே வராது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி ஜோன், “அவளை விடு டெரெக்,” என்றார்.

செம்புக் கொப்பரை இருக்கும் கூடத்தில் தொடங்கினேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். வாய் தானாகப் பேசியது. சுவரில் பெரிய கடிகாரம். பதினொன்று இருபது. பன்னிரண்டரைக்குள் கிரேமரிடம் போய்ச் சொல்லலாம். என்ன சொல்வது? ஒரு விருந்தாளி தொட்டியில் குவளையை விட்டார். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பக்கத்தில். என்ன செய்தீர்கள்?

தட்டுகளைக் காட்டலாம் என்று காலையில் ஒரு கணம் தோன்றியது. தட்டுகள் பேசினால் நான் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பீர் எப்படி உன் கைக்கு வந்தது என்று கேட்டால், கணேசலிங்கத்தின் மேல் இன்னொரு குற்றம் ஏறும்.

“எங்கள் பக்கம் தொட்டி மரமும் இல்லை, இரும்பும் இல்லை,” என்று டெரெக் தன் குழுவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “கற்பலகை. நாலு பக்கமும் கல். அந்த ஆலைக்கு அடுத்த கதவு மதுக்கூடம். முன்னூறு வருடம் பழசு. கூரை எவ்வளவு தாழ்வு என்றால், நெட்டையானவர்கள் தலை இடித்துக்கொண்டு, குடிப்பதற்கு முன்பே தள்ளாடுவார்கள்.”

“பேய் உண்டா?” என்றார் ஒருவர்.

“உண்டு. என் மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு.”

ஜோன் அவர் தோளில் அடித்தார்.

“அங்கே என் சுற்றுலா ஒவ்வொன்றும் எப்படி முடியும் தெரியுமா?” டெரெக் குவளையைத் தட்டினார். “ஆலைக்காரர் தலையாட்டுவார். நான் தொட்டியிலிருந்தே ஒரு குவளை மொள்வேன். முப்பது வருட வழக்கம். வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது.”

அப்படியானால் அது அவருக்குத் திருட்டுத்தனம் இல்லை. ஆலையின் ஆள் பக்கத்தில் நின்றாள், சிரித்தாள். அவர் ஊரில் தலையாட்டுவது போல, இங்கே சிரிப்பு.

“கொஞ்சம் சத்தமாகப் பேச முடியுமா?” என்றார் பின்னால் நின்றவர்.

“மன்னிக்கவும்,” என்றேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

நிலவறைப் படிகளில் இறங்கும்போது பதினொன்று ஐம்பது. படி முடிவில் கை கழுவும் தொட்டி. எல்லோரையும் கழுவச் சொல்லிவிட்டு நான் இரண்டு முறை கழுவினேன். நகங்களைப் பார்த்தேன்.

மூன்றாம் தொட்டி காலியாக இருந்தது. அதற்குள் கணேசலிங்கம் நின்றுகொண்டிருந்தார், இடுப்பு வரை மறைந்து. நீளக்கம்புத் தூரிகையால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நாற்பது நிமிடத்தில் அவருக்கு இங்கே வேலை இல்லை. அவர் கழுவிக்கொண்டிருந்தார்.

“குட் மோர்னிங்,” என்றார் குழுவைப் பார்த்து. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நான் நான்காம் தொட்டியின் முன் நின்று ஐந்தாம் பக்கத்தைத் தொடங்கினேன். ஈஸ்ட் சர்க்கரையை உண்ணும்போது வாயு வருகிறது, அந்த வாயுதான் நுரையை மேலே தூக்குகிறது. நுரை ஒரு மூடி போல. காற்றில் இருப்பவற்றை அது ஓரளவு தடுக்கும். ஓரளவுதான்.

கொக்கி கழலும் சத்தம் கேட்டது. சிறிய சத்தம்.

டெரெக் குவளையைக் கையில் எடுத்துவிட்டார். இந்த முறை அவர் பின்தங்கவில்லை. எல்லோரும் பார்க்க, வித்தை காட்டுகிறவர் போலக் கையை உயர்த்தி, சட்டைக் கையை மடித்து, நான்காம் தொட்டியின் மேல் குனிந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

என் முகத்தில் சிரிப்பு வருவது எனக்கே தெரிந்தது. உதடுகள் இழுபடுவதை உணர்ந்தேன்.

“நோ!” என்றேன்.

அது என் குரல் போலவே இல்லை. கல்சுவரில் மோதித் திரும்பி வந்தது. டெரெக்கின் கை நுரைக்கு ஒரு விரல் மேலே நின்றது.

“உள்ளே விடாதீர்கள். ப்ளீஸ். குவளையை உள்ளே விடக்கூடாது.”

“என்ன ஆச்சு, லவ்?” அவர் ஊரில் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். “போன தடவை விட்டேனே. நீதானே பக்கத்தில் நின்றாய். யாரும் செத்துப்போகவில்லையே.”

குழு சிரித்தது. மூன்றாம் தொட்டியில் தூரிகை நின்றது. கணேசலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பிள்ளை? என்னவாம் அவர்? ஏன் கத்தினனீங்கள்?”

“ஒண்ணுமில்ல அண்ணை,” என்றேன்.

இங்கேயே, இப்போதே, தமிழில் ஒரே வாக்கியம் போதும். இங்கே வேறு யாருக்கும் புரியவும் செய்யாது. அதைக்கூடச் சொல்லவில்லை. அவர் மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.

பன்னிரண்டு ஐந்து. ஜோனிடம் போய், குழுவை மேலே முற்றத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரையும் படியேற்றினார். டெரெக் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“எங்கள் பீர் மாஸ்டரிடம் என்னோடு வர முடியுமா?” என்றேன்.

“நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?”

“நான் செய்தேன்,” என்றேன். “நீங்கள் வந்தால்தான் என்னால் சொல்ல முடியும்.”

*

கிரேமரின் அறை மாடியில். மேசையில் ஒரு உறை, ஒட்டாமல். அவர் நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. சரியாக இருக்க வேண்டும் அவருக்கு. அவருக்கு ஆங்கிலம் வராது. டெரெக்குக்கு ஜெர்மன் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். மஞ்சள் பூட்ஸிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது.

“சுற்றுலா நடக்கிற நேரம் இது,” என்றார் கிரேமர்.

“ஆமாம். மூன்றாம் தொட்டி பற்றி.” என் ஜெர்மன் நல்ல நாளிலேயே தடுமாறும். “மூன்று வாரத்துக்கு முன்பு இவர் ஒரு குவளையை அதற்குள் விட்டார். கழுவாத குவளை.”

கிரேமர் குவளையைப் பார்த்தார். பிறகு டெரெக்கைப் பார்த்தார். “அது உண்மையா என்று அவரிடம் கேளுங்கள்.”

கேட்டேன். கூடவே, அந்தப் பீர் கெட்டுவிட்டது, இரண்டாயிரம் லிட்டர், தொட்டி கழுவுகிறவருக்கு வேலை போகப் போகிறது என்றும் சொன்னேன். டெரெக்கின் முகம் மெல்லச் சிவந்தது. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கடவுளே. உண்மைதான் என்று சொல். நான்தான் மொண்டேன். எங்கள் ஊர் ஆலையில் அது வழக்கம். இங்கேயும் பரவாயில்லை என்று நினைத்தேன். இந்தப் பெண் பக்கத்தில் நின்றாள், பார்த்தாள், சிரித்தாள். அதனால் அனுமதி உண்டு என்று எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் செய்திருக்க மாட்டேன் என்று சொல்.”

கிரேமர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்.

நான் பாதியை விட்டுவிடலாம். உண்மைதான், அவர்தான் மொண்டார், வழக்கம் என்று நினைத்தாராம், வருந்துகிறார். அவ்வளவு போதும். உறை மேசைக்குள் போய்விடும். டெரெக்குக்குத் தெரியப் போவதில்லை. கிரேமருக்குத் தெரியப் போவதில்லை. நான் அடுத்த சனிக்கிழமையும் வரலாம்.

“உண்மைதான் என்கிறார்,” என்றேன். “அவருடைய ஊர் ஆலையில் அது வழக்கமாம்.” நிறுத்தினேன். “நான் பக்கத்தில் நின்றேன், பார்த்தேன், சிரித்தேன் என்கிறார். அதனால் அனுமதி என்று நினைத்தாராம். அதுவும் உண்மை. நான் சிரித்தேன்.”

“ஏன்?”

தரையில் சொட்டிய தண்ணீரைப் பூட்ஸால் ஒதுக்கினேன்.

“மூன்று வாரம்,” என்றார் கிரேமர். “ஏன் சொல்லவில்லை?”

“பயந்தேன்.”

அவர் உறையிலிருந்து கடிதத்தை எடுத்து ஒரு முறை வாசித்தார், தான் எழுதியதைச் சரிபார்ப்பது போல. “ஒரு குவளை இரண்டாயிரம் லிட்டரைக் கெடுக்குமா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனால் தொட்டி சரியாகக் கழுவப்படவில்லை என்று இனி நான் எழுத முடியாது.” கடிதத்தை நான்காக மடித்து இழுப்பறைக்குள் போட்டார். கிழிக்கவில்லை. “திங்கட்கிழமை ஒன்பதுக்கு வாருங்கள். உங்களைப் பற்றிப் பேச வேண்டும். இவருடைய சங்கத்துக்கு நான் தனியாக எழுதுகிறேன்.”

“திரு. கணேசலிங்கம்?”

“அவர் வெளியே நிற்பார், இப்போது மணி பன்னிரண்டரை. நீங்களே சொல்லுங்கள். உங்கள் மொழியில்.”

டெரெக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிரேமரைப் பார்த்துத் தலை குனிந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். “இதை எங்கே கழுவலாம் என்று கேள்.”

*

கணேசலிங்கம் நடைபாதையில் நின்றார். சட்டை மாற்றியிருந்தார். நீலக் கோடு போட்ட, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கடிதம் வாங்க வீட்டிலிருந்து அதை எடுத்து வந்திருக்கிறார். தலைமுடியை நனைத்து வாரியிருந்தார்.

நடைபாதையின் மூலையில் ஒரு சிங்க் உண்டு. டெரெக் அங்கே போய்ச் சுடுநீரைத் திறந்து, விரலால் குவளையின் உட்புறத்தைத் தேய்த்தார். கணேசலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

“என்ன பிள்ளை உவர் பூனைக்குளிப்பு வாக்கிறார். இஞ்ச தாங்கோ.” குவளையை வாங்கி, சுவரில் தொங்கிய தூரிகையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். உள்ளிருந்து கறுப்பாக ஏதோ கரைந்து வந்தது. “சீ. இதுக்குள்ள ஒரு தோட்டமே இருக்கு. நான் உள்ள போகவோ? மணியாச்சு.”

“போக வேண்டாம் அண்ணை. லெட்டர் இல்ல. கேன்சல் பண்ணிட்டார்.”

தூரிகை நின்றது. “என்ன?”

“உங்க தப்பு இல்லன்னு தெரிஞ்சிடுச்சு. இந்தக் குவளையாலதான் இருக்கும். இவர் அன்னைக்கு தொட்டிக்குள்ள விட்டு மொண்டார்.”

“இதையோ?” குவளையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மெதுவாக விரிந்தது. “கடவுளே. இதையோ! அப்ப வேலை இருக்கு? சுகன்யாவின்ர தாய் காலமை இருந்து கோயில்ல இருக்கிறா பிள்ளை. கிரேமருக்கு ஆர் சொன்னது?”

“நான்.”

“உங்களுக்கு என்னண்டு தெரியும்?”

இதற்கு முன் இரண்டு முறை சொல்லிவிட்டேன், இரண்டு மொழியில். மூன்றாவது எளிதாக இருக்கும் என்று எங்கோ நினைத்திருந்தேன்.

“நான் பார்த்தேன் அண்ணை. அன்னைக்கே. பக்கத்துலதான் நின்னேன். தடுக்கல.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குழாயை மூடினார்.

“அண்டைக்கே?”

“ஆமா.”

“செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு நிக்கேக்க உங்களிட்டைச் சொன்னனான். சாம்பிள் கேட்டனீங்கள், தந்தனான். அப்பவும் தெரியும்?”

“ஆமா.”

“காலமை படியில இருந்து சொன்னனான். அப்பவும்?”

தலையாட்டினேன். சிரிப்பு வரவில்லை. அது ஒன்றுக்காவது நன்றியாக இருந்தது.

“செவ்வாயில இருந்து நான் நித்திரை கொள்ளேல்லை,” என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. “அந்தத் தொட்டியை நாலு தரம் தேய்ச்சனான். எங்கையோ ஒரு மூலையை நான்தான் விட்டிட்டன் எண்டு நினைச்சன். மனிசியிட்டையும் அப்பிடித்தான் சொன்னனான். என்ர பிழை எண்டு.”

“சாரி அண்ணை.”

அவர் குழாயைத் திறந்து குவளையை இன்னொரு முறை தேய்த்தார், அடிப்பாகம், விளிம்பு, கைப்பிடியின் உட்புறம். வேலையில் எப்படித் தேய்ப்பாரோ அப்படி. அலசி, உதறி, டெரெக்கிடம் நீட்டினார். “பிட்டே. இந்தாங்கோ.”

குவளையின் உள்ளே வெள்ளையாக இருந்தது. டெரெக் அதை வேறு யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றி சொன்னார். கொக்கியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

நான் நின்றேன். குனிந்து ஒரு பூட்ஸைக் கழற்றத் தொடங்கினேன். அதை இனிமேல் போட்டுக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது.

“என்ன செய்யிறியள்?”

“இது சுகன்யாவோடது.”

“கீழ நிலம் ஈரம்.” அவர் தூரிகையைச் சுவரில் மாட்டினார். என்னைப் பார்க்கவில்லை. “போங்கோ. உங்கட ஆக்கள் பார்த்துக்கொண்டு நிக்கினம்.”

அவர் அந்தச் சட்டையின் கைகளை மடித்துக்கொண்டு நிலவறைப் பக்கம் போனார். நான் பூட்ஸை மறுபடியும் மாட்டினேன்.

முற்றத்தில் தூறிக்கொண்டிருந்தது. இருபது பேரும் எதிர்ச் சுவரை ஒட்டி நின்றார்கள். டெரெக் ஜோனுக்கு அருகில் போய் நின்றுகொண்டார். மீதியிருந்தது பழைய மதுக்கூடம் மட்டும். தெருவைத் தாண்டினால் போதும். பன்னிரண்டாம் பக்கம். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

“இந்தக் கட்டிடம்,” என்று தொடங்கினேன்.

“கேட்கவில்லை,” என்றார் பின்னால் நின்றவர்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.